மலைக்குப் புலம் என்று எழுதியிருந்தோம்

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம். இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் ஒரு தேயிலைத் தோட்டம், பறித்த கொழுந்தை நிறுக்கிற அதன் கொழுந்து மடுவம். நாங்கள் செய்த கொழுந்து நிறுவை மென்பொருளின் முதல் தமிழ்ப் பதிப்பை டேப்லெட்டில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, அச்சடித்த கையேட்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு நான் ஓரமாக நின்றேன். நிறுவை எழுதும் அக்கா திரையைப் பார்த்தார். கையேட்டைப் புரட்டினார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"தம்பி, இதுல புல இலக்கம்னு கேக்குதே, அது என்னாங்க?"

ஆங்கிலத்தில் அது ஃபீல்ட் நம்பர். எந்த மலையில் பறித்த கொழுந்து என்று கேட்கிற பெட்டி. தோட்டத்தில் யாரிடம் கேட்டாலும் "நாலாம் நம்பர் மலை", "பன்னிரண்டாம் நம்பர் மலை" என்றுதான் சொல்வார்கள். மொழிபெயர்த்தவருக்கோ ஃபீல்ட் என்றால் படிவத்தில் நிரப்புகிற பெட்டி. அதற்குத் தமிழ் புலம், ஆகவே புல இலக்கம். அந்தப் பக்கத்தைச் சரிபார்த்து அனுப்பியவன் நான். எனக்கும் அது கண்ணில் படவில்லை.

"எந்த மலைன்னு கேக்குதுக்கா."

"அப்ப மலைன்னு போட்டா தெரியுமே."

வெளியே கூடையை இறக்கி வைத்துவிட்டு இருபது இருபத்தைந்து பெண்கள் நின்றார்கள். படங்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொல் புரியாமல் அக்கா நிறுத்திய இரண்டு நிமிடம், அவர்கள் எல்லோரும் மழையில் நின்ற இரண்டு நிமிடம். அன்று இரவு பஸ்ஸில் திரும்பும்போதே சொற்பட்டியல் ஒன்றை ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். அதன் பிறகு ஒன்றரை வருடம் அந்த வேலையைச் செய்ததன் பதிவு இது. மென்பொருள் ஆவணங்களைத் தமிழில் எழுதுகிற யாருக்காவது நேரம் மிச்சமாகும் என்று நினைக்கிறேன்.

முதலில் பின்னணி. எங்கள் மென்பொருள் மூன்று காரியம் பார்க்கிறது. காலை, பகல், பின்னேரம் என்று நடக்கும் நிறுவைகளைப் பதிகிறது; யாருக்கு எந்த நாள் வேலை விழுந்தது என்று எழுதுகிற பதிவேடான செக்ரோலைப் போடுகிறது; மாத முடிவில் சம்பளத் துண்டு அச்சடிக்கிறது. இதற்குப் பாவனையாளர் கையேடு, பயிற்சிக் குறிப்பு, கொழும்பில் நிரல் எழுதுகிறவர்களுக்கான தொழில்நுட்ப ஆவணம், ஒவ்வொரு பதிப்புக்கும் மாற்றக் குறிப்பு என்று நான்கு வகை எழுத்து. அதில் பெரும்பகுதி தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் போகிறது. குழுவில் ஆறு பேர்: ஹட்டனில் இருவர், பண்டாரவளையில் ஒருவர், மிச்சப் பேர் கொழும்பில்.

தேடிப் பார்த்தபோது எங்களிடம் ஏற்கனவே மூன்று சொற்பட்டியல் இருந்தது தெரிந்தது. என் கணினியில் ஒரு எக்ஸெல் கோப்பு. கொழும்பில் ஒருவர் தனக்கென்று வைத்திருந்த இன்னொன்று. பண்டாரவளையில் பயிற்சி கொடுப்பவரின் கொப்பியில் கையெழுத்தில் ஒன்று. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே காரியத்துக்கு ஒன்றில் நிறுவை, ஒன்றில் எடைப் பதிவு, ஒன்றில் நிறை. மூன்றில் எது மடுவத்துச் சொல்லுக்கு மிகக் கிட்டவாக இருந்தது என்றால், கொப்பியில் இருந்ததுதான். அவர்தான் வாரத்தில் மூன்று நாள் தோட்டத்தில் நிற்பவர்.

மூன்றையும் ஒரே ஆன்லைன் அட்டவணையாக்கினோம். ஆங்கிலம், சிங்களம், தமிழ் என்று மூன்று நெடுவரிசை, ஒரு சொல்லுக்கு ஒரு வரி. முதல் மாதம் எல்லோரும் ஆசையாகச் சேர்த்தார்கள். இரண்டாவது மாதம் யாரும் திறக்கவில்லை. காரணத்தைப் பிறகுதான் உணர்ந்தேன். வரி இருந்தது, ஆனால் அந்தச் சொல்லை யார் முடிவு செய்தது, ஏன், எந்தப் பொருளில் என்பது எங்கும் இல்லை. ஒருவர் "நிறுவை" என்று போட்டால் அடுத்தவர் பேசாமல் "எடை" என்று மாற்றிவிடுவார். யார் சரி என்று கேட்க ஒரு இடம் இல்லை. ஃபீல்ட் என்ற வரி அதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மலையும் பெட்டியும் அந்த ஒரு வரிக்குள் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன.

இதே கதை "கழிவு" என்ற சொல்லிலும். மடுவத்தில் சாக்குக்கும் ஈரத்துக்கும் சேர்த்துக் கழிக்கிற கிலோவும் கழிவுதான். ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், தரம் பிரித்த பிறகு மிஞ்சுகிற கழிவுத் தேயிலையும் கழிவுதான். எங்கள் அறிக்கை ஒன்றின் தலைப்பு "மாதாந்தக் கழிவு". ஸ்டோரில் இருந்தவர் அதைத் தேயிலைக் கழிவு என்று எடுத்துக்கொண்டு ஒரு மாதக் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்துக் குழம்பிப்போனார். மடுவத்துக் கழிவு சாதாரண விஷயம் இல்லை. ஒரு பெண்ணின் கூடையிலிருந்து எத்தனை கிலோ கழிந்தது என்பது அவருடைய சம்பளம். அந்தச் சொல்லைக் குழப்பமாக விட எங்களுக்கு உரிமை இல்லை.

அடுத்தது நாட்சம்பளம். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானியில் வந்த 1,000 ரூபாய் இரண்டு பகுதியாக இருந்தது: 900 ரூபாய் அடிப்படை, 100 ரூபாய் வரவு செலவுத் திட்டப் படி. எங்கள் கையேட்டில் ஒரு அத்தியாயம் 900ஐ நாட்சம்பளம் என்றது. இன்னொரு அத்தியாயம் 1,000ஐ அதே பெயரில் சொன்னது. எழுதிய இருவரும் தத்தம் அளவில் சரி. வாசிக்கிறவருக்கோ இரண்டில் ஒன்று பொய் மாதிரித் தெரியும். பிற்பாடு தொகை மாறியும் எங்கள் கையேட்டில் இந்தக் குழப்பம் மாறவில்லை, நாங்களாகத் திருத்தும் வரைக்கும்.

சரி, சொல்லை வைத்துத் தொடங்கினால் இது தீராது என்று புரிந்தது. பொருளை வைத்துத் தொடங்க வேண்டும். மொழிபெயர்ப்புத் துறையில் இது பழைய பாடம். சொற்பட்டியல்களுக்கென்றே ஐஎஸ்ஓ 30042 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது, டிபிஎக்ஸ் என்பார்கள். அதில் மேலே கருத்து, அதன் கீழே மொழி, மொழிக்குக் கீழே சொல். அந்தக் கோப்பு வடிவம் ஆறு பேருக்குப் பாரம் என்று நாங்கள் எடுக்கவில்லை. ஆனால் அந்த அடுக்கை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

அட்டவணையை மூடிவிட்டு, ஆவணங்கள் இருக்கிற அதே கிட் களஞ்சியத்துக்குள், அதாவது யார் எதை மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கிற கோப்புக் களஞ்சியத்துக்குள், ஒரு அடைவு திறந்தோம். ஒரு கருத்துக்கு ஒரு யாமல் கோப்பு, தலைப்பும் அதன் மதிப்புமாக வரி வரியாக எழுதுகிற எளிய உரைக் கோப்பு. பதிவு இப்படி இருக்கும்:

இலக்கம்: 007
விளக்கம்: தோட்டத்தில் எல்லை வகுத்து, எண் கொடுத்து, ஒரு அலகாகப் பராமரிக்கப்படும் தேயிலை நிலப்பகுதி.
தமிழ்: மலை
ஆங்கிலம்: ஃபீல்ட்
வடிவங்கள்: மலை, மலையை, மலைக்கு, மலையில், மலையின், மலைகள்
தவிர்க்க: புலம் – திரையில் நிரப்பும் பெட்டியோடு குழம்பும், பதிவு 008 பார்க்க. வயல் – தேயிலைக்கு யாரும் சொல்வதில்லை.
கேட்டது: நிறுவை எழுதுபவர், கணக்கப்பிள்ளை
பொறுப்பு: ஹட்டன்

இதில் எனக்கு அதிகம் உதவியது "தவிர்க்க" என்ற வரி. எந்தச் சொல்லை ஏன் வேண்டாம் என்றோம் என்று எழுதி வைக்காவிட்டால் ஆறு மாதம் கழித்துப் புதிதாக வருகிறவர் அதே சொல்லை நல்ல எண்ணத்தோடு கொண்டு வருவார். அதே விவாதம் மறுபடி முதலிலிருந்து ஓடும். "கேட்டது" என்ற வரியும் அப்படித்தான். அது காலியாக இருந்தால் பதிவை ஏற்பதில்லை என்று விதி வைத்தோம். வேலை செய்கிற ஒருவரிடமாவது கேட்டிருக்க வேண்டும். பெயர் எழுதுவதில்லை, அவர் பார்க்கும் வேலையை மட்டும் எழுதுவோம்.

இனி "பேர்". அதிக நேரம் எடுத்த பதிவு இது. பெரிய பிழையும் இதில்தான் நடந்தது.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு வந்து, செக்ரோலில் அந்த நாள் விழுந்தால் "பேர் விழுந்தது" என்பார்கள். காலையில் வேலை பிரிக்கக் கூடுகிற பிரட்டில் பேர் கொடுப்பது, சம்பள நாளில் "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று கேட்பது, எல்லாம் இதே சொல். முழு நாளுக்குக் குறைந்தால் அரைப்பேர். ஒரு குடும்பத்தின் மாத வரவு செலவு முழுக்க இந்தச் சொல்லில்தான் நடக்கும்.

நான் தோட்டத்தில் எடுத்த குறிப்புகளில் "அரைப்பேர் பதிய வசதி வேண்டும்" என்று எழுதியிருந்தேன். அது கொழும்புக்குப் போக ஆங்கிலமானது. ஆங்கிலமாக்கியவர் "ஹாஃப் நேம்" என்று போட்டார். அதை வாசித்த நிரலாளர், தொழிலாளியின் பெயரைச் சுருக்கி எழுதக் கேட்கிறார்கள் போலும் என்று நினைத்தார். தமிழ்ப் பெயர்கள் நீளம், சம்பளத் துண்டு அகலம் குறைவு. அவர் நினைத்ததில் நியாயம் இருந்தது. அடுத்த பதிப்பில் தொழிலாளர் விபரப் பக்கத்தில் இருபது எழுத்து பிடிக்கிற ஒரு பெட்டி வந்து நின்றது. செக்ரோல் பக்கத்தில் அரைப்பேர் போட வழியில்லை. அந்தப் பதிப்பு ஒரு தோட்டத்தில் பரீட்சார்த்தமாக ஓடிக்கொண்டிருந்தது. பதினொரு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. அந்தப் பதினொரு நாளில் அரைப்பேர் எல்லாம் ஒன்றும் போடாமல் விடப்பட்டிருந்தது. நல்ல வேளை கங்காணி தன் கொப்பியில் தனியாக எழுதி வைத்திருந்தார். அதை வைத்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம். சம்பளத் துண்டு அச்சாவதற்கு மூன்று நாள் முன்பு முடிந்தது. அந்தக் கொப்பி இல்லாவிட்டால் யாருடைய அரை நாள் காணாமல் போயிருக்கும் என்று யோசித்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அதனால் "பேர்" என்பதற்கு விளக்கம் எழுத ஒரு பின்னேரம் முழுவதும் ஒதுக்கினோம். ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை ஐயா ஒருவர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி வந்தது. நான் கொண்டுபோன விளக்கத்தை வாசித்துக் காட்டினேன்: "நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து பறித்தவருக்கு வழங்கப்படும் ஒரு நாள் வரவு."

ஐயா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "18 கிலோங்கிறது உங்க தோட்டத்துக் கணக்கு. இன்னொரு தோட்டத்துல 16 இருக்கும், 20 இருக்கும். வரட்சிக் காலத்துல கொறைப்பாங்க. அப்புறம் கவ்வாத்து வெட்டுற ஆளுக்குக் கொழுந்தே இல்ல, அவருக்குப் பேர் கெடையாதா?"

எழுதியிருந்ததை அங்கேயே வெட்டினேன். அன்றைக்குப் படித்ததை விதியாக்கினோம்: விளக்கத்துக்குள் மாறக்கூடிய எண் வரக்கூடாது. எண் மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் இருக்கட்டும், தோட்டத்துக்குத் தோட்டம் அவர்களே மாற்றிக்கொள்ளட்டும். இப்போது பதிவில் இருப்பது: "ஒரு தொழிலாளி ஒரு நாள் வேலையை அந்தத் தோட்டத்தின் ஒழுங்குப்படி முடித்ததாகச் செக்ரோலில் ஏறும் அலகு. முழுப்பேர், அரைப்பேர் என்று பதியப்படும். தொழிலாளியின் பெயரைக் குறிக்காது." கடைசி வசனம் தமிழ் வாசகருக்குத் தேவையே இல்லை. கொழும்பு நிரலாளருக்காக எழுதியது. ஆங்கிலப் பக்கத்தில் "பேர்" என்ற ஒலியையே வைத்து, முதல் தடவை வரும் இடத்தில் விளக்கம் கொடுக்கிறோம். வருகை, மனித நாள் என்று இரண்டு யோசனை வந்தது. இரண்டும் "தவிர்க்க" வரிக்குப் போயின. பிரட்டுக்கு வந்துவிட்டு வேலைக்குப் போகாதவருக்கும் வருகை உண்டு, பேர் கிடையாது.

இனி சரிபார்க்கும் வேலை. பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. யாராவது பக்கம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய சொல் வந்தால் இயந்திரமே சொல்ல வேண்டும். பைத்தான் என்ற நிரல் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதத் தொடங்கினேன். அரை நாளில் முடியும் என்று நினைத்தது இரண்டு வாரம் இழுத்தது. தமிழில் இதைச் செய்யப் போகிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள்.

முதல் சிக்கல் சொல்லின் எல்லை. வழக்கமாக ஆங்கிலத்துக்குச் செய்வதுபோல் சொல் எல்லைக் குறியை இருபுறமும் போட்டு "மலை" என்று தேடினேன். தனியாக நிற்கிற "மலை" ஒன்றுகூட அகப்படவில்லை. "மலையகம்" மட்டும் வந்து விழுந்தது. நான் கேட்டதற்கு நேர் எதிர். காரணம் இது: பைத்தானோடு வருகிற தேடல் கருவி உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கெடுப்பதில்லை. "மலை" என்பதில் கடைசியில் இருக்கிற ஐகாரக் குறி அதற்கு எழுத்தே இல்லை. பின்னால் வருகிற இடைவெளியும் எழுத்து இல்லை. இரண்டுக்கும் நடுவே எல்லை எதுவும் அதற்குத் தெரியாது. "மலையகம்" என்றால் குறிக்குப் பின்னால் "ய" நிற்கிறது, உடனே அங்கே எல்லை இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. எல்லைக் குறியைக் கைவிட்டேன். யூனிக்கோட்டின் தமிழ்ப் பகுதியில் வருகிற எழுத்துகள் தொடர்ச்சியாக நிற்பதை ஒரு சொல் என்று நானே பிரித்தேன். அது சரியாக வேலை செய்கிறது.

இரண்டாவது சிக்கல் வேற்றுமை. "பேர்" என்பதன் அடியை வெட்டி, அதில் தொடங்குகிற எல்லாவற்றையும் பிடி என்றால் பேரன், பேருந்து, பேராசிரியர் எல்லாம் வரும். "புலம்" என்றால் புலத்தை, புலத்தில், புலங்கள் என்று மகரம் போய்விடும், அடியே மாறிவிடும். இதை விதியாக எழுத மூன்று நாள் முயன்றுவிட்டு நிறுத்தினேன். ஒவ்வொரு பதிவிலும் "வடிவங்கள்" என்று கையாலேயே எழுதுவது என்று முடிவாயிற்று. ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம். நூற்றுச் சொச்சம் கருத்துகளுக்கு இதுதான் மலிவு.

மூன்றாவது சிக்கல் பழைய கோப்புகள். இலங்கையில் நீண்ட காலம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். எங்கள் பழைய பயிற்சிக் குறிப்புகளும் அதில்தான் இருந்து யூனிக்கோட்டுக்கு மாறின. மாற்றியபோது "கொழுந்து" என்பதன் ஒகரக் குறி சில இடத்தில் ஒரே குறியாகவும், சில இடத்தில் கொம்பும் காலும் தனித்தனியாகவும் வந்திருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டு வேறு சொல். ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒருங்கு வடிவத்துக்கு மாற்றினால் இது தீர்ந்துவிடும், ஒரே ஒரு வரி நிரல். பாமினிக் காலத்தில் காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டிய இடங்களை அப்படித் தீர்க்க முடியாது. அதைக் கண்ணால்தான் பார்த்தோம்.

ஒரு நாள் மாலை முழுவதையும் தின்றது ஒரே ஒரு எழுத்து. "எடை" என்ற சொல் ஒரு பக்கத்தில் மட்டும் பிடிபட மறுத்தது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. கடைசியில் எழுத்தெழுத்தாக எண்ணை அச்சிட்டுப் பார்த்தால், முதல் எழுத்து எகரமே இல்லை. தமிழ் இலக்கமான ஏழு, அதாவது ௭. யாரோ ஃபோன் விசைப்பலகையில் தட்டும்போது வந்திருக்க வேண்டும். இப்போது தமிழ் இலக்கம் எங்கே வந்தாலும் நிரல் நிறுத்திக் காட்டும்.

நிரல் தயாரானதும் நான் ஒரு தவறு செய்தேன். முதல் நாளிலிருந்தே பிழை இருந்தால் பக்கத்தை ஏற்காது என்று பூட்டிவிட்டேன். ஒரே வாரத்தில் எல்லோரும் "இந்த இடத்தைப் பார்க்காதே" என்கிற விலக்குக் குறி போட்டுத் தப்பிக்கப் பழகிவிட்டார்கள். வேலையை முடிக்க வேண்டும், அவர்களும் என்ன செய்வார்கள். பிறகு எல்லாவற்றையும் எச்சரிக்கையாக மட்டும் மாற்றி, விலக்குக் குறிகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். இன்று பூட்டு இருப்பது ஆறு சொல்லுக்கு மட்டும். அவை பிழைத்தால் யாருடைய சம்பளமோ மரியாதையோ பாதிக்கும் என்கிற ஆறு.

அந்த ஆறில் ஒன்று "கூலி". பழைய ஆவணத்தில் நாட்கூலி, கூலி விபரம், கூலிப் பதிவேடு என்று பதினாலு இடத்தில் இருந்தது. அகராதியைத் திறந்தால் கூலிக்கு ஊதியம் என்றுதான் பொருள், தமிழ்நாட்டில் அதைச் சாதாரணமாக எழுதுவார்கள். மலையகத்தில் அது ஒரு சமூகத்தையே கூப்பிட்ட சொல். இருநூறு வருடமாக எங்கள் பாட்டன் பாட்டிகளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சம்பளத் துண்டை வாங்குகிற ஒரு பெண் அதில் அந்தச் சொல்லைப் பார்க்கக்கூடாது. "தவிர்க்க" வரியில் இந்தக் காரணத்தை நீட்டியே எழுதினேன். கொழும்பில் இருக்கிற சிங்கள நண்பர் அதை வாசித்துவிட்டு, சிங்களப் பக்கத்திலும் இதுபோல ஏதாவது இருக்கிறதா என்று தானாகவே தேடத் தொடங்கினார்.

எந்தச் சொல்லை எங்கிருந்து எடுப்பது என்பதில் ஆரம்பத்தில் நிறைய இழுபறி. சேமலாப நிதியா, வருங்கால வைப்பு நிதியா? தரவிறக்கமா, பதிவிறக்கமா? தொழினுட்பமா, தொழில்நுட்பமா? இணையத்தில் கிடைக்கிற பட்டியல்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுப் பட்டியல்கள். இங்கே பாடப் புத்தகத்தில் வேறு. கடைசியில் ஒரு வழி கண்டோம். சட்டத்தோடு தொடர்புள்ளதற்குச் சட்டத்தின் சொல். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் சேமலாப நிதி, 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் நம்பிக்கை நிதி. சம்பளத் துண்டில் தொழிலாளியின் 8 வீதம், தோட்டத்தின் 12 வீதம், நம்பிக்கை நிதிக்கான 3 வீதம் என்று ஒவ்வொன்றும் அந்தப் பெயரிலேயே வர வேண்டும். அந்தத் துண்டோடு தொழில் திணைக்களத்துக்குப் போகிறவர் அங்கேயும் அதே பெயரைக் காண்பார். ஃபோனோடும் டேப்லெட்டோடும் தொடர்புள்ளதற்கு, அந்தக் கருவியின் தமிழ்த் திரையில் ஏற்கனவே இருக்கிற சொல். அது தமிழ்நாட்டு வழக்காக இருந்தாலும் பரவாயில்லை. பாவனையாளர் ஒரே திரையில் இரண்டு சொல் பார்க்கக்கூடாது. தோட்ட வேலைக்கு, தோட்டத்தின் சொல்.

மூன்றாவதில்தான் எதிர்ப்பு வந்தது. பிரட்டு, செக்ரோல், ஒப்பந்த வேலையைச் சொல்கிற கொந்தரப்பு எல்லாம் பிறமொழியிலிருந்து உருமாறி வந்தவை, நல்ல தமிழ் போடலாமே என்று ஒருவர் கேட்டார். என் பதில் ஒன்றுதான். பரேட் என்ற சொல்லை எடுத்துப் பிரட்டு ஆக்கி, பிரட்டுக்களம் என்று இடத்துக்கும் பெயர் வைத்து, நான்கு தலைமுறையாகப் பேசி வந்தவர்கள் அதைத் தமிழாக்கி முடித்துவிட்டார்கள். நான் புதிதாக ஒன்று போட்டால் அவர்கள் அதைப் படிக்க வேண்டும். அவர்களுடையதை நான் படித்துக்கொள்வதுதான் முறை.

அச்சுப் பிரதி பற்றியும் சொல்ல வேண்டும். பல மலைகளில் சிக்னல் கிடையாது, ஆகவே பட்டியலைச் சிறு புத்தகமாக அச்சடித்துக் கொடுக்கிறோம். முதல் அச்சில் கணக்கப்பிள்ளை ஐயா ஒரு பிழை பிடித்தார். "கழிவு" முதலில், "கவ்வாத்து" பிறகு. "வகரம் முந்தி, ழகரம் பிந்தி, ய ர ல வ ழ ள தானே தம்பி" என்றார். யூனிக்கோட்டில் எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கிற எண் வரிசையில் ல, ள, ழ, வ என்று வருகிறது. நகரத்துக்கு அடுத்தே னகரமும் நிற்கிறது. பைத்தான் அந்த எண்ணை வைத்து அடுக்கிவிட்டது. ஐசியு என்ற ஆயத்த நிரல் தொகுப்பை இணைத்து அடுக்கினால் தமிழ் நெடுங்கணக்குப்படி வருகிறது. இரண்டாம் அச்சில் சரி செய்தோம்.

பராமரிப்பு என்று பார்த்தால் இப்போது வாரத்துக்கு ஒரு மணி நேரம் போகிறது. புதுச் சொல் வேண்டுமென்றால் கிட்டில் ஒரு மாற்றக் கோரிக்கை. பொறுப்பாளர் பார்த்து, இன்னொருவர் பார்த்து, ஏற்கப்படும். திரையில் ஒரு பொத்தானின் பெயர் மாறினால் பட்டியலும் கையேடும் அதே கோரிக்கையில் மாற வேண்டும். தனித்தனியாக விட்டால் ஒன்று மறந்தே போகும், மூன்று தடவை அனுபவப்பட்டாயிற்று. ஒரு கருத்து தேவையில்லை என்றாகிவிட்டால் கோப்பை அழிப்பதில்லை, "ஓய்வு" என்று குறித்து வைக்கிறோம். அதன் இலக்கத்தை வேறு எதற்கும் கொடுப்பதில்லை. பழைய கையேட்டை வைத்திருக்கிற தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தால் அந்த இலக்கத்தை வைத்துத்தான் பேசுகிறோம். மாதம் ஒரு தடவை பண்டாரவளையில் இருப்பவர் தன் கொப்பியைத் திறந்து, தோட்டத்தில் புதிதாகக் காதில் விழுந்ததை வாசிப்பார். நல்ல பதிவுகளில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

சிங்களப் பக்கம் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறது. கொழுந்துக்கு "தளு" போன்ற சொற்கள் சுலபமாக அமைந்துவிட்டன. "பேர்" அங்கே இன்னும் முடிவாகவில்லை. சிங்களம் பேசும் மேற்பார்வையாளர்கள் இருக்கிற இரண்டு தோட்டத்துக்கு அடுத்த மாதம் போகிறோம்.

போன செவ்வாய்க்கிழமை அந்த அக்கா ஃபோன் எடுத்தார். முதல் நாள் புல இலக்கம் கேட்டவர்.

"தம்பி, கழிவுன்னு ஒரே கட்டமா இருக்கு. சாக்குக்கு எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவுன்னு புள்ளைங்க கேக்குதுங்க. சாக்குக்கழிவு, ஈரக்கழிவுன்னு ரெண்டா போட்டுக் குடுங்க. அப்பத்தான் நான் வாசிச்சுக் காட்டலாம்."

031 என்ற பதிவை ஓய்வில் போட்டு, 112 சாக்குக்கழிவு, 113 ஈரக்கழிவு என்று இரண்டு திறந்தேன். "கேட்டது" என்ற இடத்தில் நிறுவை எழுதுபவர் என்று எழுதினேன். திரையில் கட்டத்தை இரண்டாகப் பிரிக்கிற வேலை கொழும்பில் நடக்கிறது, புத்தகத்தின் ஐந்தாம் அச்சு அதற்காகக் காத்திருக்கிறது.